மங்கலுக்குப் பிரிண்ட் மட்டுமா காரணம்?

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. படம் பார்ப்பவர்கள் அந்த எல்லைக் கோட்டைப் பெரிதாக மதிக்கவில்லை. பாறசாலைப் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு மொழிப் படங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் ரீல் காலத்தைப் பற்றிச் சில விஷயங்களை உறுதியாகச் சொல்வார்கள்.

“தமிழ்ப் பிரிண்ட் பளிச், மலையாளப் பிரிண்ட் மங்கல்” என்பது ஒன்று. திருவல்லத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோ வந்தது 1980-ல்தான். அதற்கு முன்பும் பின்பும் மலையாளப் படங்களில் பெரும்பகுதி ஜெமினி, பிரசாத் போன்ற சென்னை லேப்களில்தான் கழுவி அச்சிடப்பட்டது. ஒரே லேபில் பிறந்த பிரிண்டுக்கு மொழி பார்த்து மங்கத் தெரியாது.

“கிராமத்துக் கொட்டகைக்கு மட்டமான பிரிண்டைத் தள்ளிவிடுவார்கள்.” இதில் பாதி உண்மை. மூல நெகட்டிவிலிருந்து நேராக எடுத்த பிரிண்டைவிட, நகல் நெகட்டிவிலிருந்து எடுத்ததில் நுணுக்கம் குறையும். ஆனால் கிராமத்துக்கு வந்தது பெரும்பாலும் நகரத்தில் ஓடிய அதே பெட்டி, சில மாதம் கழித்து. அதற்குள் கீறலும் ஒட்டும் சேர்ந்திருக்கும். ஆனால் கீறல் வேறு, மங்கல் வேறு. மங்கல் உண்டானது ஆப்பரேட்டர் அறையில். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தந்த இரண்டு கார்பன் குச்சிகள் எரிய எரிய அவற்றின் இடைவெளி கூடும். கவனித்து நெருக்காவிட்டால் ஒளி தளரும். பின்னாலுள்ள கண்ணாடியில் புகை படியும். படம் வெளியே வரும் சதுரக் கண்ணாடியைத் துடைத்து எத்தனை காலமோ!

“கார்பனைக் கூட்டினால் கறுப்பும் வெள்ளையும் தெளிவாகப் பிரியும்” என்பதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். கான்ட்ராஸ்ட் என்பது வெளிச்சத்தின் அளவல்ல, விகிதம். திரையில் வெள்ளை 100, கறுப்பு 1 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் நூறுக்கு ஒன்று. ஓலைத் தட்டி இடுக்கிலிருந்தோ திறந்த கதவிலிருந்தோ 4 பங்கு வெளிச்சம் திரையில் விழுந்தால் அது 104-க்கு 5 ஆகிறது. அதாவது ஏறத்தாழ 21-க்கு ஒன்று. விளக்கை இரண்டு மடங்காக்கினாலும் 204-க்கு 6, அதாவது 34-க்கு ஒன்றுதான். கதவைச் சாத்தினால் செலவில்லாமல் நூறும் திரும்பக் கிடைக்கும். மாட்னிக்கு மங்கலாகத் தெரிந்த பிரிண்ட் இரண்டாம் ஆட்டத்தில் தேறிவிடும் மர்மம் இவ்வளவுதான்.

திரையில் பெய்யும் ‘மழை’ எல்லாம் ஒரே கீறல் என்று நினைப்பதும் தவறு. கறுப்புக் கோடு என்றால் பிலிமின் முதுகில் கீறல். ஒளி அங்கே சிதறிப் போகிறது. கலர் பிரிண்டில் பச்சைக் கோடு வந்தால் சாயப் பக்கத்தில் மேலடுக்கான மெஜந்தா உரிந்திருக்கிறது. இன்னும் ஆழமாகச் சுரண்டினால் சயனும் போய் மஞ்சள் கோடு. மூன்றும் போனால் வெள்ளை. கோட்டின் நிறத்தைப் பார்த்தே காயத்தின் ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

“அந்தக் காலத்துக் கலர் படமே ரோஸ் நிறம்தான்” என்று இளையவர்கள் சொல்கிறார்கள். அப்படி யாரும் படம் எடுக்கவில்லை. பழைய ஈஸ்ட்மென் கலர் பிரிண்டில் சயன் சாயம் முதலில் வெளிறும். மிஞ்சுவது சிவப்புச் சாயல். நம் வெக்கையும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் இருப்பது சாயமல்ல, வெள்ளி. நன்றாகக் கழுவியிருந்தால் கலரைவிட நெடுங்காலம் நிற்கும். மலையாள இயக்குநர் அரவிந்தனின் கறுப்பு வெள்ளைப் படமான ‘தம்பு’வின் (1978) மூல நெகட்டிவ் இல்லாமல் போனது. பிரிண்டிலிருந்து எடுத்த நகல் நெகட்டிவை வைத்தே அது மீட்கப்பட்டு, 2022-ல் கான் விழாவில் திரையிடப்பட்டது.

டிஜிட்டல் வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்பது புதிய நம்பிக்கை. கீறல் போனது உண்மை. ஆனால் திரையின் நடுவில் சதுர மீட்டருக்கு 48 காண்டெலா வெளிச்சம் வேண்டும் என்பது விதி. பழைய விளக்கை மாற்றாமல் ஓட்டினால் அது வராது. முப்பரிமாணப் படத்துக்குப் பொருத்திய கருவியை எடுக்காமல் சாதாரணப் படம் போட்டாலும் இருட்டடிக்கும். அடுத்தமுறை படம் மங்கலாகத் தெரிந்தால் ஒளிப்பதிவாளரைத் திட்டாதீர்கள். இடைவேளையில் மேனேஜரிடம் போய், விளக்கையும் கதவையும் பார்க்கச் சொல்லுங்கள்.