கோடிங் வேலைக்கு லேப்டாப் வாங்கப் போகிறீர்களா?

1. ரேம் 16 ஜிபிக்குக் குறைந்தால் வேண்டாம். டாக்கர், ஆண்ட்ராய்டு எமுலேட்டர் ஓட்டுபவர் 32 ஜிபியே வாங்குங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். பிறகு கூட்ட வழியில்லை. 'அப்புறம் போட்டுக்கலாம் சார்' என்று கடைக்காரர் சொன்னால், காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

2. கீபோர்டில் பத்து வரி அடித்துப் பாருங்கள். குட்டி அம்புக்குறி பட்டன்கள் தினமும் எரிச்சலூட்டும்.

3. 16:10 திரை எடுங்கள். கோட் இன்னும் சில வரிகள் தெரியும்.

4. லினக்ஸ் போடுபவர், திருப்பித் தரும் கெடுவுக்குள் லைவ் யுஎஸ்பியில் வைஃபை, ஸ்லீப் இரண்டையும் சோதியுங்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான்.

5. திங்க்பேட் போன்ற அலுவலக ரகங்களுக்கு, வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி கிடைத்தால் விடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் கிடக்கும் நாளெல்லாம் வேலை நிற்கும்.