சுடுபாறையில் ஒரு வேலை

ஒரு கிணற்றுக்கு 94 லட்சம் டாலர் ஆனது. அடுத்தடுத்துப் போட்டதில் அதுவே 48 லட்சத்துக்கு இறங்கியது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பீவர் கவுன்டியில், ஃபெர்வோ எனர்ஜி நிறுவனம் தன் கேப் ஸ்டேஷன் மின் திட்டத்துக்கு முதலில் போட்ட கிடைமட்டக் கிணறுகளின் கணக்கு இது. 2024 பிப்ரவரியில் நிறுவனமே வெளியிட்டது. அவற்றில் மிக வேகமாக முடிந்த கிணற்றுக்கு 21 நாள்தான் ஆனது. புவிவெப்ப மின்சாரத்தில் வேலை தேடுகிறவர் முதலில் மனத்தில் வாங்க வேண்டியவை இந்த எண்கள். எண்ணெய் வயல்களில் பழுத்த கைத்திறன் சூடான கருங்கல்லுக்கு இடம் மாறியதால் வந்த விலைக்குறைப்பு இது. அந்தக் கைத்திறன் உங்களிடம் இருந்தால், அல்லது கற்றுக்கொள்ளும் பொறுமை இருந்தால், உங்களுக்கு இடம் உண்டு.

தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்திலும் இந்தோனேசியாவிலும் பூமிக்கடியில் வெப்பம், நீர், நீர் ஓடும் விரிசல் மூன்றும் இயற்கையாகவே சேர்ந்து கிடக்கின்றன. உலகின் மற்ற இடங்களில் பெரும்பாலும் வெப்பம் மட்டும் உண்டு. பாறை இறுகிக் கிடக்கும். அங்கே கிணறுகள் இறக்கி, அழுத்தத்தில் நீர் செலுத்திப் பாறையில் விரிசல்களைத் திறந்து, ஒரு கிணற்றில் விட்ட நீரை இன்னொன்றில் வெந்நீராக எடுத்தால் அதற்குப் பெயர் ஈ.ஜி.எஸ்., மேம்படுத்திய புவிவெப்ப அமைப்பு. அந்த வெந்நீர், 28 டிகிரியிலேயே கொதிக்கும் ஐசோபென்டேன் போன்ற ஒரு திரவத்தை ஆவியாக்கும். ஆவி டர்பைனைச் சுற்றும். நீர் திரும்பப் பாறைக்குள் போகும்.

இந்த யோசனைக்கு வயது ஐம்பதுக்கு மேல். நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் 1970-களிலேயே தொடங்கிவிட்டார்கள். பிரான்சின் சூல்ட்ஸில் ஐந்து கிலோமீட்டர் ஆழம் போனார்கள். ஆஸ்திரேலியாவின் கூப்பர் படுகையில் 2013-ல் ஒரு மெகாவாட் முன்னோட்ட நிலையம் ஓடியது, பிறகு மூடப்பட்டது. பெரும்பாலும் தடுக்கியது இரண்டு இடத்தில்: கிணற்றின் விலை கட்டுப்படியாகவில்லை, வேண்டிய அளவு நீர் பாறைக்குள் ஓடவில்லை. 2023-ல் நெவாடாவின் புளூ மவுன்டன் பக்கத்தில் நடந்த 30 நாள் சோதனையில் ஃபெர்வோ நொடிக்கு 63 லிட்டர் வரை ஓட்டிக் காட்டியது. நம் ஊர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை மூன்றேகால் நிமிடத்துக்குள் நிரப்பும் வேகம் அது, 3.5 மெகாவாட் மின்சாரத்துக்குப் போதும். மறு ஆண்டே கேப் ஸ்டேஷனிலிருந்து 320 மெகாவாட் வாங்க சதர்ன் கலிபோர்னியா எடிசன் என்ற மின் விநியோக நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. ஆய்வாக இருந்தது அன்றைக்கு வேலைவாய்ப்பாகிவிட்டது.

பிட்டைப் படியுங்கள்

ஃபெர்வோவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டிம் லாட்டிமர் எண்ணெய்க் கம்பெனியில் டிரில்லிங் எஞ்சினியராக இருந்தவர். இந்தத் துறையின் உயிர்நாடி ரிக் மேடையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கிணற்றிலிருந்து பிட்டை, அதாவது பாறையைக் குடையும் முனையை, மேலே எடுத்ததும் நடப்பதைக் கவனியுங்கள். கழற்றி, கழுவி, மேடையில் நிமிர்த்தி வைப்பார்கள். அதன் முகத்தில் வரிசையாகப் பதித்த செயற்கை வைரப் பற்கள். சில அப்படியே இருக்கும். சில வழவழவென்று தேய்ந்திருக்கும். சில ஓரம் உடைந்திருக்கும். இதை எழுதுவதற்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு முறையை உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். உள்வரிசைத் தேய்மானம் 0 முதல் 8 வரை, வெளிவரிசை 0 முதல் 8 வரை, எப்படிப்பட்ட சேதம், எந்த இடத்தில் என்று போய், கடைசிக் கட்டத்தில் ஏன் மேலே எடுத்தீர்கள் என்ற கேள்வி வரும். நிரப்புவதற்கு ஐந்து நிமிடம் போதும். சரியாக நிரப்ப அனுபவம் வேண்டும். தேய்ந்த பல்லும் உடைந்த பல்லும் வேறு வேறு கதை சொல்கின்றன: ஒன்று சூட்டாலும் உராய்வாலும் வந்தது, மற்றது பிட் ஆடி அடிபட்டதால் வந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறவர் அடுத்த பிட்டையும் இழப்பார்.

கருங்கல்லில் இந்த வகை பிட் தாங்காது என்பது நெடுநாள் நம்பிக்கை. பிட் பாழாகிவிடும் என்று பயந்து அதன் மேல் ஏற்றும் எடையைக் குறைத்து ஓட்டுவார்கள்; எடை குறைந்ததால் பிட் பாறையைக் கடிக்காமல் அதன் மேல் ஆடும்; ஆடியதால் உடையும். யூட்டாவில் அமெரிக்க எரிசக்தித் துறையின் பணத்தில் நடக்கும் ஃபோர்ஜ் ஆய்வுக்களத்தில், டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தார் ரிக் ஊழியர்களோடு உட்கார்ந்து இந்தப் பழக்கத்தை மாற்றினார்கள். எடையைக் கூட்டு, அதிர்வைப் பார், வேகத்தைத் தடுப்பது எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் சரிசெய், மறுபடி கூட்டு. எஞ்சினியர் மட்டும் அறிந்திருந்த இயற்பியல் பிரேக் பிடிக்கிற டிரில்லரின் கைக்கும் வந்ததில்தான் நாள்கள் குறைந்தன.

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஹேமரின் சத்தம் மாறினாலும், வெளியே பறக்கும் தூளின் நிறம் மாறினாலும் அவர்கள் பாறை மாறியதைச் சொல்லிவிடுவார்கள். ஆழமும் கருவியும் வேறுதான். ஆனாலும் காதும் கண்ணும் வேலை செய்கிற அந்த விதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். கம்ப்யூட்டர் திரை முன் உட்காரும் இளைஞர்களுக்கு அதுதான் முதலில் வாய்க்க வேண்டும்.

எண்ணெயிலிருந்து வருகிறவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது சூடு. புளூ மவுன்டன் கிணற்றின் அடியில் 191 டிகிரி. பம்ப் ஓடும்வரை கிணற்றுக்குள் சுற்றும் மட் (துளையிடும் சேறு) கருவிகளைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். பம்ப் நின்றால் சூடு ஏறும், திசை அளக்கும் கருவியின் மின்னணுப் பகுதி கருகிப்போகும். அதனால் கருவியை ஒரே மூச்சில் அடிவரை இறக்கக் கூடாது. கொஞ்சம் இறக்கு, மட்டைச் சுற்றவிடு, குளிரட்டும், மேலும் இறக்கு. அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரண்டு வாரம் களம், இரண்டு வாரம் வீடு என்ற சுழற்சி வழக்கம். குடும்பத்தோடு பேசி முடிவெடுத்துவிட்டு வாருங்கள்.

நிறுத்தச் சொல்வது யார்?

பாறைக்குள் நீரை அழுத்தினால் பூமி அசையும். பெரும்பாலும் கருவிக்கு மட்டுமே கேட்கிற அசைவு. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் 2006 டிசம்பரில் அது 3.4 ரிக்டர் அளவுக்குப் போனது. சுவர்கள் விரிசல் விட்டன, திட்டம் கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பர் 15 அன்று 5.4 அளவு நிலநடுக்கம் வந்து மக்கள் காயமடைந்தார்கள், வீடிழந்தார்கள். நீர் செலுத்தியதுதான் அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த குழு 2019 மார்ச்சில் அறிவித்தது. 2017 ஏப்ரலிலேயே 3-ஐத் தாண்டிய ஒரு நிலநடுக்கம் எச்சரித்திருந்தது. அதன் பிறகும் நீர் செலுத்தினார்கள்.

இதை வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் படித்தாக வேண்டும் என்பேன். இன்று களங்களில் போக்குவரத்து விளக்கு முறை இருக்கிறது: பச்சையில் தொடரலாம், மஞ்சளில் குறைக்க வேண்டும், சிவப்பில் நிறுத்த வேண்டும். போஹாங்கிலும் விளக்கு இருந்தது. ஆகவே நேர்முகத் தேர்வில் உங்கள் முறை வரும்போது இதைக் கேளுங்கள்: “இரவு இரண்டு மணிக்கு மஞ்சள் எரிந்தால், சிவப்புக்குக் காத்திராமல் பம்பை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? நிறுத்தியவரைக் காலையில் யார் கேள்வி கேட்பார்கள்?” தடுமாறாமல் பதில் வந்தால் அந்த நிறுவனத்தில் சேரலாம். மழுப்பினால் சம்பளத்தைப் பார்த்துச் சேராதீர்கள்.

இந்தக் கவனிப்பு தனியொரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. புவி அதிர்வியல் படித்தவர்கள், கிணற்றோடு இறக்கிய கண்ணாடி இழைக் கம்பியில் வரும் தரவைப் பிரித்துப் படிக்கும் புரோகிராமர்கள், ஊர் மக்களிடம் போய் உண்மையைச் சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இதில் வேலை உண்டு. மின் நிலையப் பக்கம் அனல்மின் நிலைய அனுபவம் அப்படியே கைகொடுக்கும். காற்றால் குளிரூட்டும் நிலையங்களில் கோடை மதியம் உற்பத்தி சரியும் என்பதை மட்டும் புதிதாக மனத்தில் வைக்க வேண்டும்.

இங்கிருந்து எப்படிப் போவது?

இந்தியாவில் வணிக ஈ.ஜி.எஸ். நிலையம் இன்னும் இல்லை. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் ஒரு மெகாவாட் முன்னோட்ட நிலையத்துக்கு ஓ.என்.ஜி.சி. 2021-ல் ஒப்பந்தம் போட்டது. அது வெந்நீர் ஊற்றுகள் கொண்ட இயற்கைப் புலம். அதனால் நேர்வழியைத் தேடி நாளைக் கடத்த வேண்டாம். எண்ணெய்க் கிணறுகளில் இரண்டு, மூன்று ஆண்டு ரிக் அனுபவம், கிணற்று அழுத்தக் கட்டுப்பாட்டுக்கான ஐ.டபிள்யூ.சி.எஃப். அல்லது வெல்ஷார்ப் சான்றிதழ், அடுத்து இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், கென்யா போன்ற நாடுகளில் வழக்கமான புவிவெப்பக் களம், அதற்கப்பால் ஈ.ஜி.எஸ். எனக்குத் தெரிந்து இதுதான் நம்பத்தக்க படிவரிசை. புவியியல் படித்தவர்கள் காந்திநகர் பண்டித தீனதயாள் எரிசக்திப் பல்கலைக்கழகத்தின் புவிவெப்ப மையத்தையும் ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் பாருங்கள். ஆய்வு நிறுவனத்தில் வேலையில் இருப்பவர்களுக்கு ஐஸ்லாந்தின் கிரோ புவிவெப்பப் பயிற்சி இருக்கிறது. 1979 முதல் நடப்பது, ஏறத்தாழ ஆறு மாதம். உங்கள் நிறுவனம் முன்மொழிய வேண்டும்.

கையில் காசும் சான்றிதழும் இல்லாதவருக்கும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. ஃபோர்ஜ் களத்தின் தரவுகள் பொதுச்சொத்து. 16ஏ என்ற கிணறு 2020 அக்டோபரில் தொடங்கி, செங்குத்திலிருந்து 65 டிகிரி சாய்ந்து, 10,987 அடி நீளம் போனது. அதன் தினசரி அறிக்கைகள், மட் பதிவுகள் எல்லாம் அமெரிக்க அரசின் புவிவெப்பத் தரவுக் களஞ்சியத்தில் இலவசமாக இருக்கின்றன. காரைக்காலில் இருந்தும் இறக்கிக்கொள்ளலாம். பிட்டை மேலே எடுத்த ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய அறிக்கையைத் திறக்காமல், முந்தைய மூன்று நாள் எடை, சுழற்சி, வேகம் மூன்றையும் வரைபடமாகப் போடுங்கள். பிட் ஏன் மேலே வந்தது என்று அரைப்பக்கம் எழுதுங்கள். பிறகு அன்றைய அறிக்கையைத் திறந்து உங்கள் பதிலோடு ஒப்பிடுங்கள். பத்து பிட்டுக்கு இப்படிச் செய்து, தவறிய பதில்களையும் அழிக்காமல் வைத்து, விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.