பழைய சிற்றுண்டிச் சாலைகளைத் தேடி

நாகலாபுரம் வேதநாராயணசுவாமி கோயிலைக் காண வருவோர், வழிபாடு முடிந்ததும் தேடுவது சிற்றுண்டியைத்தான். கடைத்தெருவில் தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் இட்லிக்குப் பெயர் இட்லியே. கோயில் கிருஷ்ணதேவராயர் காலத்தது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையது. சிற்றுண்டிச் சாலைக்கோ நூறு ஆண்டு என்பதே பெரிய வயது.

முற்காலத்தில் வழிப்போக்கர்கள் கட்டுச்சோறு கொண்டு சென்றனர். இல்லையேல் சத்திரங்களில் உண்டனர். இருப்புப்பாதைகளும் அலுவலகங்களும் கல்லூரிகளும் பெருகியபோது, வீட்டை விட்டு வெளியூரில் தங்குவோர் தொகையும் பெருகிற்று. விரைவாக உண்டு, காசு கொடுத்து எழுந்து செல்லும் இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. உடுப்பிக் கடற்கரைப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற பலர் பெங்களூர், சென்னை, மும்பை நகரங்களில் இத்தகைய சாலைகளை அமைத்தனர்.

நாகலாபுரத்திலிருந்து சித்தூர் வழியாகப் பெங்களூர் செல்பவர் அங்கே காணத்தக்கது 'மாவள்ளி டிபன் ரூம்ஸ்'. மையா சகோதரர்கள் 1924-இல் இதனைத் தொடங்கினர். இரண்டாம் உலகப் போரின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. அரிசிக்கு மாற்றாக ரவையைக் கொண்டு இட்லி செய்யும் முறை அப்போது இங்கே உருவாயிற்று என்பர். இன்று வீடுதோறும் செய்யப்படும் ரவா இட்லி, ஒரு பஞ்சகாலத்துப் பலகாரமே! 1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது உணவக விலைகளைக் குறைக்க ஆணை பிறந்தது. அந்த விலைக்குத் தரமான உணவு தர இயலாது என்று கருதிய உரிமையாளர்கள் தரத்தைக் குறைக்காமல் கடையையே மூடினர். ரவா இட்லி முதலியவற்றிற்கான மாவுக் கலவைகளைப் பொட்டலமிட்டு விற்றுத் தொழிலைக் காத்தனர். சில ஆண்டுகளுக்குப் பின் உணவகத்தை மீண்டும் திறந்தனர்.

இந்த உணவகத்தின் முதற்பெயர் 'பிராமணர் காபி கிளப்' என்பது. அக்காலத்து உணவகங்கள் பலவற்றில் சாதி பார்த்தே இருக்கை ஒதுக்கப்பட்டது. சிலருக்கு வாயிலோடு சரி. பழம்பெருமை பேசுவோர் இதனை மறந்துவிடுவதுண்டு. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சாதி, மதம் முதலியவற்றைக் காரணம் காட்டி எவரையும் பொது உணவகத்தினுள் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்று விதித்தது. ஒரு குவளைக் காப்பிக்கும் சட்டம் தேவைப்பட்டது.

காப்பி வாரியம் நடத்திவந்த காப்பி நிலையங்கள் மூடப்பட்டபோது வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். 1957 முதல் 'இந்தியன் காபி ஹவுஸ்' கிளைகள் அவர்களாலேயே நடத்தப்பட்டன. பரிமாறியவரே பங்குதாரரும் ஆயினர்.

நாகலாபுரத்திலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னை செல்பவருக்கு வேறொரு காட்சி காத்திருக்கிறது. இளமையில் உணவகங்களில் எளிய வேலைகள் செய்து உயர்ந்த கே. கிருஷ்ண ராவ் தொடங்கியது உட்லண்ட்ஸ் நிறுவனம். அந்நிறுவனம் 1962-இல் கதீட்ரல் சாலையில், மரங்கள் அடர்ந்த பெருந்தோட்டத்தில் 'டிரைவ்-இன்' உணவகத்தைத் திறந்தது. மகிழுந்தில் அமர்ந்தபடியே உண்ணலாம். பணியாளர் தட்டைச் சன்னலில் பொருத்திவிட்டுச் செல்வார். மகிழுந்து இல்லாத மாணவர்களும் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு நெடுநேரம் பேசியிருந்தனர். நிலம் உணவகத்திற்குச் சொந்தமானதன்று. அரசு அதனைத் திரும்பப் பெற்றதால் 2008-இல் உணவகம் மூடப்பட்டது. 2010-இல் அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. டிரைவ்-இன்னில் தோசை உண்டவர்கள் இன்று பேரக்குழந்தைகளுடன் அங்கே உலாவ வருகின்றனர். மகிழுந்து நின்ற இடத்தைக் காட்டிப் பேசுகின்றனர்.

சொற்பொருள்: சத்திரம் – வழிப்போக்கர் தங்கி உண்ணும் அறநிலையம், தட்டுப்பாடு – பற்றாக்குறை, மகிழுந்து – கார்.

பயிற்சி
1. ரவா இட்லி உருவான சூழலை எழுதுக.
2. மாவள்ளி டிபன் ரூம்ஸ் 1975-இல் மூடப்பட்டது ஏன்? நீவிர் உரிமையாளராயின் என்ன செய்திருப்பீர்?
3. உம் ஊரின் பழைய சிற்றுண்டிச் சாலை ஒன்றைப் பற்றி முதியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.