யாரை விட வேகமாக?

ஒலிம்பிக் என்றதும் பதக்கப் பட்டியலே நம் நினைவுக்கு வருகிறது. அவ்விழாவின் இலட்சியச் சொற்களோ ஒரு பாடசாலை விளையாட்டு விழாவிலே பிறந்தவை.

பாரிசுக்கு அருகே ஆர்க்கேய் என்னும் இடத்தில் பாடசாலை அதிபராயிருந்தவர் சாமிநாதர் சபைக் குருவான வண. பிதா ஹென்றி டிடோன். 1891ஆம் ஆண்டு அவர் தம் மாணவருக்கு மூன்று இலத்தீன் சொற்களை இலட்சியமாகக் கொடுத்தார். 'இன்னும் வேகமாக, இன்னும் உயரமாக, இன்னும் வலிமையாக' என்பது அவற்றின் பொருள். அவருடைய நண்பர் பியர் டி குபேர்ட்டின் 1894இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவை நிறுவியபோது அச்சொற்களையே எடுத்துக்கொண்டார். கோடைகால விழா 1896இல் ஏதென்சிலும், குளிர்கால விழா 1924இல் பிரான்சின் ஷமோனியிலும் ஆரம்பமாயின. 1992 வரை இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தன; 1994 முதல் இரண்டாண்டு இடைவெளியில் மாறி மாறி வருகின்றன.

'இன்னும் வேகமாக' என்றால் யாரை விட? அடுத்தவனை விடவா, நேற்றைய நம்மை விடவா? நம் நாட்டு வரலாற்றைப் பார்ப்போம்.

இலங்கை முதன்முதலாகப் பங்குபற்றிய 1948 இலண்டன் விழாவில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். யாழ். மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இலும் 1956இலும் ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார், பதக்கம் கிடைக்கவில்லை. அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைத் தேடித் தந்தார்.

2000 சிட்னி விழாவில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடி மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த அமெரிக்கரான மேரியன் ஜோன்ஸ் ஊக்க மருந்து பாவித்ததை 2007இல் ஒப்புக்கொண்டார், பதக்கம் பறிக்கப்பட்டது. 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. பிறரை வெல்வதே நோக்கமானால் குறுக்குவழி இனிக்கும். தன்னையே வெல்ல முயல்பவனுக்குக் குறுக்குவழியால் பயனில்லை. தன்னை ஏமாற்றி எவரும் முன்னேற முடியாதல்லவா?

2021இல் அம்மூன்று சொற்களோடு 'ஒன்றாக' என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது.

பெற்றோரே, கொட்டாஞ்சேனையிலும் சரி, ஹெந்தளையிலும் சரி, இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது "எத்தனையாவது இடம்?" என்பதே. கடைசியாக வந்த பிள்ளை அக்கேள்விக்குத் தலைகுனிகிறது. "போன வருடத்தை விட நன்றாக ஓடினாயா?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு எந்தப் பிள்ளையும் தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம்.

குடும்பமாகச் சிந்திக்க: நம் வீட்டில் பிள்ளைகளை யாரோடு ஒப்பிடுகிறோம்?