அரபு எழுத்தணிக் கலையும் கணினியும்

முன்னுரை

தமிழில் 'எழுதுதல்' என்னும் சொல் எழுத்தைப் பொறித்தலை மட்டும் குறிப்பதன்று. ஓவியம் தீட்டுதலையும் குறிப்பது. சங்கச் சான்றோர் இவ்விரு பொருளிலும் இச்சொல்லை ஆண்டுள்ளனர். எழுத்தே ஓவியமாகும் இவ்வியல்பு முழுமையாக வெளிப்படும் இடம் ஒன்று உண்டெனின் அஃது அரபு எழுத்தணிக் கலையே எனலாம். திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயம் 'அல்கலம்', அதாவது 'எழுதுகோல்' என்னும் பெயரையே தாங்கி நிற்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அண்மையில் நம் கைக்கு ஒரு மண அழைப்பிதழ் வந்தது. அதன் தலைப்பில் 'பிஸ்மில்லாஹ்' அரபு எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் எழுத்துகள் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியே நின்றன. வலமிருந்து இடமாகச் செல்ல வேண்டிய வரிசையும் புரண்டிருந்தது. அச்சிட்டவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. மணவீட்டாரும் அதனைக் கவனிக்கவில்லை. பெற்றுக்கொண்ட நாமும் இரண்டாம் முறை நோக்கியபோதுதான் கண்டோம். கணினி இக்கலையை வளர்க்கின்றதா, சிதைக்கின்றதா என்னும் வினா அன்று நம் உள்ளத்தில் எழுந்தது. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவில் பிறந்த அழகு

அரபு எழுத்தணிக்கு இலக்கணம் வகுத்தவருள் முதன்மையானவர் இப்னு முக்லா ஆவார். பக்தாதில் அப்பாஸியக் கலீஃபாக்களிடம் மூன்று முறை அமைச்சராக இருந்தவர் அவர். அரசியல் சூழ்ச்சியால் வலக்கை வெட்டப்பட்டு, 940ஆம் ஆண்டு சிறையில் மாண்டார் என்பது வரலாறு. நாணல் எழுதுகோலின் முனையைத் தாளில் ஒருமுறை பதித்தால் சாய்சதுரமான புள்ளி ஒன்று தோன்றும். அப்புள்ளியையே அவர் அளவுகோலாகக் கொண்டார். 'அலிஃப்' எழுத்தின் உயரத்தைப் புள்ளிகளால் அளந்து, அவ்வுயரத்தையே விட்டமாகக் கொண்ட வட்டம் ஒன்றை வரைந்து, ஏனைய எழுத்துகளின் வளைவுகளை அவ்வட்டத்தோடு பொருத்தினார். பின்வந்த இப்னுல் பவ்வாப், யாகூத் அல்முஸ்தஃஸிமி ஆகியோர் இம்முறையை மேலும் செம்மைப்படுத்தினர்.

புள்ளியையும் வட்டத்தையும் கொண்டு எழுத்தை அளப்பது கணிதம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கணக்கில் அடங்கிய இக்கலை கணினிக்கு எளிதில் வசப்படும் என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் அவ்வாறு நிகழவில்லை. அரபு எழுத்துகள் பெரும்பாலானவை சொல்லின் முதலில் ஒரு வடிவும், இடையில் ஒரு வடிவும், கடையில் ஒரு வடிவும், தனித்து நிற்கையில் ஒரு வடிவும் கொள்வன. பக்கத்து எழுத்தைப் பார்த்தே ஓர் எழுத்து தன் உருவை அமைத்துக்கொள்கின்றது. இந்நுட்பத்தைக் கை அறியும், பொறி அறிந்திலது.

ஈய அச்சும் கல்லச்சும்

பொறியால் நேர்ந்த முதல் இடர் ஈய அச்சில் தோன்றியது. 1537–38ஆம் ஆண்டளவில் வெனிஸ் நகரில் பகனினி குடும்பத்தார் திருக்குர்ஆனை முதன்முதலாக அச்சேற்றினர். அரபு மொழி அறியாதார் கோத்த அவ்வச்சில் எழுத்துப் பிழைகள் மலிந்தன. அரபியில் ஒரு புள்ளி மாறினும் எழுத்தே மாறும். எழுத்து மாறின் பொருள் மாறும். முஸ்லிம்கள் அப்பதிப்பை ஏற்கவில்லை. அதன் படி ஒன்று மட்டும் வெனிஸ் நகரத் துறவியர் மடமொன்றில் 1987இல் கண்டெடுக்கப்பட்டது.

1796 அளவில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்ட கல்லச்சு இவ்விடரை நீக்கியது. எண்ணெய்ப்பசையுள்ள மையால் எழுதியதைக் கல்லில் பதித்து, கல்லை நீரால் நனைத்து, அச்சு மையைத் தடவினால் எழுத்து மட்டும் மையை ஏற்கும், ஈரக்கல் ஏற்காது. எழுத்தரின் கைவடிவம் சிறிதும் திரியாமல் தாளில் இறங்கும். ஆகவே அரபு, பாரசீக, உருது நூல்கள் பெருமளவில் கல்லச்சில் வெளிவந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்ற பெரியோர் வளர்த்த அரபுத்தமிழ் இலக்கியமும் கல்லச்சால் பரவியதை நாம் அறிவோம்.

சென்னையில் 1927இல் சையத் அஸ்மத்துல்லாஹ் தொடங்கிய 'தி முசல்மான்' என்னும் உருது நாளிதழ் இம்மரபின் நீட்சியே. 'காத்திப்' எனப்படும் எழுத்தர்கள் நாணலும் மையும் கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் கையால் எழுத, அதனைப் படமெடுத்துத் தகட்டில் ஏற்றி அச்சிடும் முறையை அவ்விதழ் கணினிக் காலத்திலும் பல ஆண்டுகள் கைவிடவில்லை.

தமிழுக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. தும்பிக்கை போன்ற கொம்போடு எழுதப்பட்ட ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகள் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தால் இன்றைய வடிவம் பெற்றன. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை தேடியதும் அம்மாற்றத்திற்கு ஒரு காரணமாகும்.

கணினி கற்ற கையெழுத்து

உருதுக்குரிய 'நஸ்தலீக்' எழுத்து ஏனையவற்றினும் கடினமானது. ஒவ்வொரு சொல்லும் மேலே வலப்புறம் தொடங்கி இடப்புறம் சரிந்து இறங்கும். கடைசி எழுத்து வரியில் வந்து அமர வேண்டும். எனவே பின்வரும் எழுத்துகளை அறிந்தாலன்றி முதல் எழுத்தை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று துணிய இயலாது. இச்சிக்கலைத் தீர்த்தவர் பாகிஸ்தானைச் சார்ந்த மிர்ஸா அஹ்மத் ஜமீல் ஆவார். எழுத்துகளைத் தனித்தனியே அமைப்பதை விடுத்து, அவை இணைந்து வரும் கூட்டெழுத்துகள் ஏறத்தாழ 20,000 எழுதப்பெற்றன. மோனோடைப் நிறுவனத்தார் அவற்றைக் கணினி ஒளியச்சுப் பொறியில் ஏற்ற, 1981இல் 'நூரி நஸ்தலீக்' பிறந்தது. 1994இல் தில்லியில் உருவான 'இன்பேஜ்' மென்பொருள் இத்தகைய எழுத்தமைப்பைச் சிறிய அலுவலகங்களுக்கும் கொண்டு சேர்த்தது.

இன்றைய எழுத்துருவாக்கத்தில் கலைஞர் தாளில் எழுதியதை வருடிப் படமாக்குவர். அதன் ஓரங்களைச் சில புள்ளிகளாலும் அவற்றை இணைக்கும் கணித வளைகோடுகளாலும் குறிப்பர். எவ்வளவு பெரிதாக்கினும் அவ்வடிவம் கெடாது. எந்த எழுத்தை அடுத்து எவ்வடிவம் வர வேண்டும் என்னும் விதிகளையும் எழுத்துருவினுள்ளேயே அமைத்துவிடுவர். இவ்விதிகளைப் படிக்க அறியாத மென்பொருளில் எழுத்துகளை இட்டதன் விளைவே நாம் கண்ட அழைப்பிதழ்.

மதீனாவில் 1984 முதல் இயங்கும் மன்னர் ஃபஹத் அச்சகத்தின் திருக்குர்ஆன் பதிப்பு இதற்கு நேர்மாறான சான்று. அதன் எழுத்து, சிரியாவில் பிறந்த உஸ்மான் தாஹா என்னும் கலைஞரின் கைவண்ணம். 604 பக்கங்கள், பக்கத்திற்கு 15 வரிகள், ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தோடு நிறைவுறும். அவர்தம் கையெழுத்தைக் கொண்டே கணினி எழுத்துருக்களும் அமைக்கப்பட்டன. நம் கைப்பேசியில் ஓதும்போதும் நாம் பெரும்பாலும் காண்பது அக்கையின் சாயலே.

இழப்பும் எச்சரிக்கையும்

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. நாளிதழ்கள் கணினிக்கு மாறியபோது காத்திப்கள் வாழ்விழந்தனர். தில்லி உருது பஜாரில் வரிசையாக அமர்ந்து எழுதியோர் ஒருவர்பின் ஒருவராகத் தொழிலை விட்டனர். ஆசானிடம் பல்லாண்டு பயின்று 'இஜாஸா' என்னும் அனுமதி பெறும் மரபு இன்றும் துருக்கி முதலிய நாடுகளில் உண்டு. அரபு எழுத்தணியை யுனெஸ்கோ 2021இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் பட்டியல் கலையைக் காக்காது. பயில்வோரே காக்க வேண்டும்.

2022 முதல் பரவிய செயற்கை நுண்ணறிவுப் படக் கருவிகள் வேறொரு சோதனையைக் கொணர்ந்துள்ளன. கேட்ட நொடியில் அவை அரபு எழுத்துப் போன்ற அழகிய கோலத்தை வரைந்து தருகின்றன. நுணுகி நோக்கின், பலவேளை அவற்றில் எழுத்தே இல்லை. எழுத்தின் சாயல் மட்டுமே உண்டு. வாசிக்க அறியாதார் அதனை இறைவசனம் என்று கருதிச் சுவரில் மாட்டக்கூடும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் ஓர் உண்மை தெளிவாகின்றது. கை கொடுத்ததையே கணினி திருப்பித் தருகின்றது. இப்னு முக்லாவின் அளவையும் உஸ்மான் தாஹாவின் கையையும் பெற்ற இடத்தில் அது சிறந்த மாணாக்கனாக விளங்கியது. கொடுப்பார் இல்லாத இடத்தில் பிழையையே பெருக்கியது.

இது நம்மையும் தொடும் செய்தியாகும். ட, ப, ள, ழ முதலிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகள் கூட்டி நம் முன்னோர் அமைத்தது அரபுத்தமிழ் எழுத்து. வழக்கிலுள்ள கணினி எழுத்துருக்கள் பலவற்றில் அச்சிறப்பெழுத்துகள் இல்லை. அவற்றைப் பிழையின்றி வாசிக்கும் முதியோர் ஊருக்கு ஒருவர் இருவராகக் குறைந்து வருகின்றனர். அவர்கள் உள்ளபோதே மாணவர்கள் அருகமர்ந்து கற்க வேண்டும். பரண்மீது கிடக்கும் ஏடுகளைப் பெரியோர்கள் வெளியே எடுத்துத் தர வேண்டும். அவற்றை வருடிப் படமாக்கி, எழுத்து வடிவங்களைத் தொகுத்து, எழுத்துரு அமைப்போர் கையில் சேர்ப்பது தமிழ்த்துறையும் அரபுத்துறையும் கணினித்துறையும் இணைந்து ஆற்றக்கூடிய பணியாகும்.

இப்பணிக்கு வேண்டிய கருவிகள் நம் கல்லூரியிலேயே உள்ளன. வாசித்துக் காட்டும் பெரியோர் நம்மிடையே இருக்கும் காலம் மட்டும் குறுகியது. அக்காலம் கழியுமுன் தொடங்குவோமாக!