எத்தனை அடுப்பு எரிகிறது?

நிவாரணத் தொண்டு நிறுவனத்தில் வேலை என்றதும் பலர் மனதில் படகும் உணவுப் பொட்டலமும்தான் வந்து நிற்கும். அதெல்லாம் முதல் சில நாள். அந்த நாட்களில் கைகொடுக்க ஊர் ஊராக ஆட்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். அவர்கள் திரும்பிப் போன பிறகு மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் நீள்வதுதான் சம்பளத்துக்கு நீங்கள் செய்யப்போகும் வேலை. அதன் முதுகெலும்பு பயனாளிகள் பட்டியல். அதை எடுக்கவும், சரிபார்க்கவும், விடுபட்டவரைத் தேடிப்போய்ச் சேர்க்கவும் பொறுமை உள்ளவரே நல்ல களப்பணியாளர் என்பது என் உறுதியான எண்ணம்.

நாகப்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உதவி லாரி லாரியாக வந்தது. யாரும் கேட்காத பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. ஆனால், இழப்பைக் கணக்கெடுத்தவர்களின் கண்ணில் முதலில் பட்டவை படகும் வலையும் இன்ஜினும்தான். அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்கள் தங்கள் கைமுதலை இழந்திருந்தார்கள். அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. வயலில் உப்புநீர் ஏறியதால் கூலி போன விவசாயத் தொழிலாளர்களும், தலித், இருளர் குடும்பங்களும் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். இன்னொரு பக்கம், ஒரே ஊருக்கு நான்கு நிறுவனங்கள் ஒரே பொருளோடு போய் நின்றன. மீனவர் கூட்டமைப்பான சிஃப்ஸும் நாகையின் சிநேகா அமைப்பும் மாவட்ட நிர்வாகத்துடன் சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் தொடங்கியது இதைச் சீர்செய்யத்தான். இந்த வேலைக்கு வருபவர்கள் அந்த அனுபவத்தைப் படித்துவிட்டு வருவது நல்லது.

கணக்கெடுப்பு எப்படி நடக்கும்? ஒரு வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். ஒரு ரேஷன் ஸ்மார்ட் கார்டை நீட்டுகிறார்கள். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். பழகிய பணியாளர் அப்படிப் போகமாட்டார். "எத்தனை அடுப்பும்மா எரியுது இந்த வீட்ல?" என்று கேட்பார். "ரெண்டுங்க. மருமவ பின்னால தனியாப் பொங்குறா" என்று பதில் வரும். அப்படியானால் அங்கே இருப்பது இரண்டு குடும்பம். கொல்லைப்புறச் சாய்ப்பில் கணவனை இழந்த நாத்தனார் ஒருத்தி, கார்டில் பெயரே இல்லாமல் இருக்கக்கூடும். கார்டுக்கு ஒரு மூட்டை என்று கொடுத்தால், அந்த வீட்டில் இரண்டு பேர் பங்கு கேட்டுக் கெஞ்ச வேண்டிவரும். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தோன்றுவதுதான் இந்தத் தொழிலின் திறமை.

விநியோக நாள் வேறு மாதிரி. முதல்நாளே டோக்கன் கொடுத்திருக்க வேண்டும். கர்ப்பிணிகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வரிசை வேண்டும். வந்த சரக்கு டெலிவரி சலானோடு ஒத்துப்போக வேண்டும். கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, மாலையில் ஸ்டாக் ரெஜிஸ்டரை டேலி செய்த பிறகே படுக்கப் போகலாம். நன்கொடையாளருக்குப் படம் அனுப்பச் சொல்வார்கள். அனுமதி கேட்டு எடுங்கள். கையேந்தி நிற்கும் முகத்தை மட்டும் எடுக்காதீர்கள்.

நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டின் அளவுகோல்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், கூரைக்குக் கீழே 3.5 சதுர மீட்டர் இடம், நிலைமை சற்று அடங்கியதும் 20 பேருக்கு ஒரு கழிப்பறை. முகாமுக்குள் நுழைந்ததும் இந்தக் கணக்கை மனதிலேயே போட்டுப் பார்க்கத் தெரிந்தால், அதிகாரியிடம் பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

சமூகப்பணி முதுகலையான எம்எஸ்டபிள்யூ படித்தவர்களுக்கு வழி எளிது. ஆனால் இங்கே கணக்கர், செவிலியர், சிவில் இன்ஜினியர், கிடங்கு பார்ப்பவர் எல்லோருக்குமே இடம் உண்டு. டூவீலர் லைசென்ஸும், போனில் கணக்கெடுப்புக்கான கோபோ செயலியில் படிவம் நிரப்பும் பழக்கமும் களத்தில் மிகவும் உதவும்.

பணவிஷயத்தைத் தயங்காமல் பேசிவிடுங்கள். பெரும்பாலான வேலைகள் புராஜெக்டோடு கட்டப்பட்டவை. நிதி முடிந்தால் வேலையும் முடியும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம், அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. அதற்கு முன்பு 50 சதவீதம் வரை போக முடிந்தது. ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் அது தடை போட்டது. பெரிய நிறுவனத்தின் வழியாகப் பணம் பெற்றுவந்த சிறிய ஊர் அமைப்புகளுக்கு இது பலத்த அடி. 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை மூடியபோது உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். எனவே சேரும் முன்பே கேளுங்கள்: ஒப்பந்தம் எந்த மாதம் வரை? பிஎஃப் உண்டா? பெட்ரோல் செலவு யாருடையது? அவசரகாலப் பணி முடிந்ததும் ஈடுசெய் விடுப்பு உண்டா? பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கிறதா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம்.

போர்ப் பகுதிக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ஆபத்து முதலில் வருவது உள்ளூர்ப் பணியாளருக்குத்தான். 2006 ஆகஸ்டில் இலங்கையின் திருகோணமலை மாவட்டம் மூதூரில் பிரெஞ்சு உதவி நிறுவனம் ஒன்றின் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் உள்ளூர்க்காரர்கள், பெரும்பாலும் தமிழர்கள். ஆபத்து நெருங்கினால் உங்களை யார், எந்த வண்டியில் வெளியே கொண்டுவருவார்கள் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சாவையும் அழுகையையும் நாள்தோறும் பார்த்தால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். அதை அடக்கி வைக்காமல் மேலாளரிடம் சொல்லி ஓய்வு கேளுங்கள். ஓய்ந்துபோன பணியாளரின் கோபம் வரிசையில் நிற்பவர் மேல்தான் விழும்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது ஒரு கேள்விக்குத் தயாராக இருங்கள்: "வார்டு உறுப்பினர் தன் சொந்தக்காரர் பெயர்களைச் சேர்க்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" 'மறுத்துவிடுவேன்' என்று மட்டும் சொன்னால் போதாது, நாளைக்கும் அதே ஊருக்குள் நீங்கள் போயாக வேண்டும். வரைவுப் பட்டியலை ஊர்க்கூட்டத்தில் வாசிப்பேன், பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டுவேன், ஆட்சேபணைக்கு இரண்டு நாள் விடுவேன், அவர் சொன்ன பெயர்களையும் அதே விதிப்படி வீடு சென்று பார்ப்பேன் என்று படிப்படியாகச் சொல்லுங்கள். பட்டியலைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கூட்டத்துக்கு வரமுடியாத ஊர்க்கோடி வீடுகளுக்கும் அதை எப்படித் தெரிவிப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.