எலி விஷமும் அரிட்டாபட்டி வல்லூறும்

"சார், விஷம் வைக்காம எலியை எப்படிச் சமாளிக்கிறீங்க?" வங்கிப் பணி ஓய்வுக்குப் பின் விவசாயத்துக்கு வந்த என்னிடம் பலரும் கேட்பது இது. அரிட்டாபட்டியைப் பாருங்கள் என்பேன்.

மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் 193.42 ஹெக்டேர் பரப்பை, 2022 நவம்பரில் தமிழக அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 7 குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், சுமார் 250 பறவையினங்கள். பாறையில் விழும் மழை ஊற்றாகக் கசிந்து, கண்மாயில் தங்கி, வயலுக்கு வருகிறது. பாறை இடுக்கில் வாழும் ராசாளியும் லகர் வல்லூறும் சுற்றியுள்ள வெளிகளில்தான் இரை தேடுகின்றன.

டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர்மக்கள் போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. மலை தப்பிச்சது. ஆனால் நம்ம வரப்பில் விஷம் வைத்தால், அதைத் தின்று தள்ளாடும் எலி வழியாக விஷம் பறவைக்கும் போகும்.

செய்ய வேண்டியவை:

1. வரப்பைக் குறுக்கி, புல் மண்டாமல் வையுங்கள். எலி வளை குறையும்.
2. தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள்.
3. நட்டதும் வயலில் 'டி' வடிவக் குச்சிகள் ஊன்றுங்கள். இரவில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும் முன் பிடுங்கிடுங்க. இல்லாவிட்டால் நெல் கொத்தும் குருவிகளும் அதில் உட்காரும்.
4. வரப்போர மரங்களை வெட்டாதீர்கள்.

அரசு அறிவிப்பு குன்றோடு நின்றுவிடும். வல்லூறு நம்ம வயலுக்கும் வரும்.